வேகவைத்த ஸ்வெட்டர்

போன வாரம் நம் வகுப்புப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பனியைப் பற்றிப் பேச்சு வந்தது. பெங்களூரில் மகன் வீட்டோடு இருப்பவள், "காஞ்சிபுரத்துல குளிருதுன்னு சொல்றீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்குதா?" என்று எழுதினாள். உடனே இன்னொருத்தி, "நம்ம செட்லயே ஸ்வெட்டர வேக வெச்சவரு பொண்ணு இருக்குறா, அவளக் கேளு" என்று போட்டாள். அதன் கீழே பதினெட்டுப் பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

அந்தப் பெண் நான்தான். காலையில் மாத்திரை சாப்பிட்டோமா இல்லையா என்பதே மறந்துபோகிற வயதில் உங்களுக்கெல்லாம் அது மட்டும் நினைவிருக்கிறது. அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. முப்பத்தைந்து வருடம் பட்டுச் சாயப்பட்டறையில் வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாறி மாறி நின்றவர். ஒரு நூல் கழியைக்கூடப் பாழாக்கியவர் இல்லை. அரக்கு என்று கேட்டால் அரக்கு வரும், மாம்பழ மஞ்சள் என்று கேட்டால் அதுவே வரும். அதற்கெல்லாம் இந்த ஊர் ஒரு பெயர் வைக்கவில்லை. ஸ்வெட்டரை வேகவைத்தவர் என்று மட்டும் வைத்தது. சாவு வீட்டில்கூட யாரோ ஒருவர் வாசலில் நின்று அப்படித்தான் அடையாளம் சொன்னார், என் காதில் விழுந்தது.

அந்தப் பெயர் அவருடையது இல்லை, என்னுடையது. அதை அவரிடமிருந்து இறக்கி என் தலையில் ஏற்றிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

பெங்களூர்க்காரி சொன்னது ஒரு வகையில் சரிதான். நமக்கு வருவது குளிர் இல்லை, பனி. ஆனால் மார்கழியில் ஓரிக்கைப் பக்கமிருந்து ஆற்றுக் காற்று அடிக்கும்போது அட்டைக்கூரை வீட்டில் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். கூரையின் உள்பக்கம் ஈரம் கோத்து, விடியற்காலையில் சொட்டும். சிமெண்ட் தரையில் கால் வைத்தால் உள்ளங்கால் மரத்துப்போகும். எங்களுக்கு இருந்தது இரண்டு பாய், ஒரு நல்ல போர்வை, அம்மாவின் பழைய புடவைகளை மடித்துத் தைத்த இரண்டு மூட்டாப்புகள். அந்த நல்ல போர்வை யாருக்கு என்று நீங்கள் கேட்கவே வேண்டாம்.

என் தங்கைக்கு.

அவளுக்கு அப்போது ஏழு வயது, எனக்குப் பதினொன்று. அவளுக்கு இழுப்பு இருந்தது. கார்த்திகை பிறந்தால் ஆரம்பித்து, தை முடிகிறவரை நெஞ்சுக்குள் ஏதோ கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் அடுப்புக்குப் பக்கத்து இடம் அவளுக்கு. தவலையில் காயும் முதல் வெந்நீர் அவளுக்கு. காதுக்குப் பஞ்சு, நெஞ்சுக்குக் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய், சுக்குக் காப்பியில் அடிவண்டல் இல்லாத மேல்பாதி எல்லாம் அவளுக்கு. எனக்குத் தெருக்குழாய். ஐந்தரை மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்ததும் அம்மா என்னைத்தான் எழுப்புவாள். அந்த நேரத்தில் குழாயடி இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்வது போல இருக்கும். ஐந்து குடம். எதிர்வீட்டுப் பெண்கள் கோலம் போட்டுக்கொண்டே என்னைப் பார்ப்பார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் வாசலில் கோலம் கிடையாது, காகித நட்சத்திரம்தான். பனியில் அதுவும் நனைந்து தொங்கும்.

அப்பா அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார். என்னைப் பெரியவ. நான் பிறந்து நாலு வருடம் நானும் பாப்பாவாகத்தான் இருந்திருப்பேன். அதை யாரைக் கேட்டு எடுத்து அவளுக்குக் கொடுத்தார்கள் என்று அந்த வயதில் நிஜமாகவே யோசித்திருக்கிறேன். இப்போது சிரிக்கிறீர்கள். நான் நல்ல பிள்ளையாக இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் மூச்சு வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் பாவமாக இருந்தது, அது உண்மை. அடுத்த நிமிடமே, எனக்கு ஏன் இழுப்பு வரவில்லை என்று இருந்தது, அதுவும் உண்மை. ஒருநாள் கூரைச் சொட்டில் வேண்டுமென்றே அரைமணி நேரம் தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தும்மல்கூட வரவில்லை.

எனக்கென்று இருந்த ஒரே சூடு சாயப்பட்டறை. காலை ஆறரைக்குத் தூக்கில் காப்பியோடு அப்பாவைப் பார்க்கப் போவேன். தங்கைக்கு அங்கே அனுமதி கிடையாது. ஆவியும் புகையும் அவளுக்கு ஆகாது. அதனால் அந்த இடம் முழுவதும் என்னுடையது. உள்ளே நுழைந்ததும் கண் தெரியாது, வெள்ளை ஆவி. அடுப்பில் செம்பு அண்டா. அப்பாவும் அவரோடு வேலை பார்த்த பாயும் எதிரெதிரே நின்று, கம்புகளில் கோத்த நூல் கழிகளை அண்டாவுக்குள் இறக்கி இறக்கிப் புரட்டுவார்கள். பாய் அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர், தலையில் எப்போதும் ஒரு மப்ளர். நான் அடுப்பு வாய்க்கு முன்னால் குத்துக்காலிட்டு, பாவாடையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, கால் இரண்டையும் நீட்டிச் சூடு வாங்குவேன்.

"இன்னாம்மா, கருவாடு வாட்டிக்கினு இருக்குறியா?" என்பார் பாய்.

அப்பாவுக்கு அந்தச் சூட்டினால் ஒரு பயனும் இல்லை. வெந்நீர் அண்டாவில் கையை விட்டு எடுத்த கையோடு, நூலைப் பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் அலச வேண்டும். இங்கே கொதி, அங்கே பனி. மார்கழி முழுக்க அவர் விரல் கணுக்களில் வெடிப்பு இருக்கும். அந்த வெடிப்புக்குள் அன்றன்றைய சாயம் போய் உட்கார்ந்துகொள்ளும். இரவு சோறு பிசையும்போது எரியும், ஆனால் அவர் சொல்ல மாட்டார். விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு உட்காருவார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது. பட்டு முதலில் வரும்போது நாம் கட்டுகிற பட்டு மாதிரி இருக்காது. முரடாக, மங்கலாக, விறைப்பாக இருக்கும். கழுத்தில் பட்டால் அரிக்கும். அது நூலைச் சுற்றியிருக்கும் பசை. சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து அந்தப் பசையை எடுக்க வேண்டும். அதைத்தான் வேகவைப்பது என்பார்கள். வெந்து வெளியே வந்தால் அதே நூல் மெத்தென்று, பளபளவென்று வரும். எத்தனை தடவை பார்த்தாலும் அப்பாவுக்கு அதில் ஒரு சந்தோஷம் உண்டு. ஈர நூலை என் கன்னத்தில் வைத்து, "பாரு, குத்துச்சே, இப்ப குத்துதா?" என்று கேட்பார். குத்துகிற எதையும் வேகவைத்தால் சரியாகிவிடும் என்பது அவருடைய அனுபவம். பட்டைத் தவிர வேறு எந்த நூலையும் அவர் கையால் தொட்டதில்லை.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு பட்டாளத்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி, வடக்கே எங்கேயோ பனி கொட்டுகிற இடத்தில் இருந்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார். நல்ல பெட்டி. நம் வகுப்பில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை, நீங்களே கடன் வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு நிமிடம் நான் உலகத்திலேயே பெரிய பணக்காரியாக இருந்தேன். பிறகு அவர் பெட்டிக்கு அடியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தார்.

வானத்து நீலம். நெஞ்சில் இரண்டு வெள்ளை வாத்து, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு. முன்னால் நாலு பொத்தான், ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. அதை உதறியபோது அந்தக்கால ரயில் பெட்டியும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாசனை வந்தது. இன்றைக்கும் எங்காவது பாச்சை உருண்டை வாசனை வந்தால் எனக்கு வயிறு எரிகிறது.

"பாப்பாவுக்கு. வளர்ற புள்ளைன்னு ரெண்டு அளவு பெருசா வாங்கினேன்" என்றார் மாமா.

அவளுக்கு அது முட்டிவரை வந்தது. கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட வேண்டியிருந்தது. எனக்குக் கச்சிதமாக இருக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அது எனக்குத் தெரிந்தது மாதிரி வீட்டில் வேறு யாருக்குமே தெரியவில்லையா என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். சர்ச்சில் யார் பாட்டைக் கவனித்தார்கள்? பின்வரிசைப் பெண்கள் எட்டி எட்டி அந்த வாத்துகளைத் தொட்டார்கள். பாஸ்டரின் மனைவி அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் புது சீட்டிப் பாவாடையில், கைகளைக் கட்டிக்கொண்டு, பற்கள் அடிப்பது வெளியே தெரியாமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என்ன பிரசங்கம் என்று கேட்டால் தெரியாது. ஒவ்வொரு பொத்தானிலும் நாலு துளை இருந்தது, அது தெரியும்.

மறுநாள் மதியம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டர் கொடியில் கிடந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டேன். அதை எப்படிச் சொல்வது? யாரோ பின்னாலிருந்து கட்டிக்கொண்டது போல இருந்தது. நாலு பொத்தானையும் போட்டேன். எங்குமே இழுக்கவில்லை. ரசம் போன கண்ணாடியில் இரண்டு வாத்துகளும் என் நெஞ்சில் சரியாக நடுவில் இருந்தன. அப்போது அம்மா உள்ளே வந்தாள்.

"அவுத்துப் போடு. இழுத்து வுட்டுடப் போற."

"ஒரு தடவைதாம்மா."

"உனுக்கு எதுக்குடி அது? நீ கல்லு மாதிரி இருக்குற. அது பாரு, மூச்சுக்கே அல்லாடிக்கினு கெடக்குது."

அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னாள் என்று இப்போது தெரிகிறது. இரண்டில் ஒன்றாவது திடமாக இருக்கிறதே என்ற நிம்மதி அது. ஆனால் பதினொரு வயதில் கல்லு மாதிரி என்றால் கல் என்றுதான் காதில் விழும். கல்லுக்குக் குளிராது. ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றிக் கொடியில் போட்டேன். அழவில்லை.

அடுத்த நாள் பட்டறையில் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சூடு ஏறவே இல்லை. அப்பா காப்பியைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இன்னா பெரியவளே, மூஞ்சி இப்படி இருக்குது?"

எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வாயில் வந்துவிட்டது. "பாப்பாவுக்கு ஸ்வெட்டர் குத்துதாம்பா. கழுத்தெல்லாம் செவந்து போயிருக்குது. மாமா மனசு கஷ்டப்படும்னு சொல்லாம இருக்குறா."

சுத்தப் பொய். அவள் கழுத்தில் ஒன்றும் இல்லை. நான் என்ன நினைத்தேன் என்றால், குத்துகிறது என்றால் அவளுக்கு வேண்டாம் என்று எடுத்துவிடுவார்கள். எடுத்தால் வீட்டில் வேறு யாருக்கு அளவு சரியாக இருக்கும்? அவ்வளவு கணக்குப் போடத் தெரிந்த எனக்கு, அப்பா யார், என்ன வேலை பார்க்கிறார் என்பது மட்டும் அந்த நிமிடம் மறந்துவிட்டது.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கவலை வரவில்லை, வெளிச்சம் வந்தது.

"குத்தத்தான் செய்யும். பசை எடுக்காத நூலு. மில்லுக்காரன் அப்படியே பின்னி வுட்டுட்டிருப்பான். பாப்பாவுக்கு நான் மெத்துன்னு ஆக்கித் தரேன்."

என் கணக்கு தப்பிவிட்டது. ஆனால் இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. வீட்டுக்குப் போனதும் அவளைக் கேட்பார், அவள் இல்லை என்பாள், என் குட்டு வெளிப்படும், இரண்டு அடி விழும், அதோடு முடியும். சாயங்காலம் அப்படித்தான் கேட்டார். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பாப்பா, ஸ்வெட்டர் குத்துதாம்மா? அக்கா சொன்னா" என்றார். கழுத்தைத் திறந்து பார்க்கவில்லை. நான் அரிசியில் கல் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு, "ஆமாம்பா. குத்துது" என்றாள்.

எனக்கு ஒரே ஆச்சரியம். அப்படியென்றால் உண்மையிலேயே குத்தியிருக்கிறது, நான் பொய்யே சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை ஐம்பது வருடம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டும் இருந்தேன்.

அரைப் பரீட்சை விடுமுறை. சனிக்கிழமை பட்டறையில் பெரிய வேலை முடிந்ததும் அப்பா ஒரு சின்ன அண்டாவைத் தேய்த்துக் கழுவினார். முதலாளியின் நூலுக்குக்கூட அவ்வளவு தேய்த்திருக்க மாட்டார். சோப்பைச் சீவிப் போட்டார். சோடாவைக் கையில் அள்ளி, கொஞ்சம் திருப்பிப் போட்டு, அளவு பார்த்தார். ஸ்வெட்டரின் இரண்டு கைகளுக்குள்ளும் கம்பை விட்டு, நூல் கழியை மாட்டுவது போல மாட்டினார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தண்ணீர் கொதித்தது. அப்பா ஸ்வெட்டரை இறக்கினார், தூக்கினார், புரட்டினார், மறுபடி இறக்கினார். பட்டுக்கு எத்தனை தடவை புரட்டுவாரோ அத்தனை தடவை. முதலில் தண்ணீர் நீலமானது. "நிக்காத சாயம். யாரோ கத்துக்குட்டி போட்டது" என்றார், கொஞ்சம் கர்வமாக. வெள்ளை வாத்துகள் மெல்ல நீலமாகிக்கொண்டு வந்தன. நான் சொல்லியிருக்கலாம். அப்பா, எடுத்துடுப்பா, நான் பொய் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருந்தால் வெறும் சாயத்தோடு போயிருக்கும். சொல்லவில்லை. வாத்துகள் அழிவதைப் பார்க்க எனக்கு ஒரு பக்கம் நன்றாகத்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் சொல்லி என்ன பயன்.

பிறகு கம்பு ஒரு மாதிரி கனத்தது. அப்பா தூக்கினார். முட்டிவரை வந்த ஸ்வெட்டர் ஒரு சாண் இருந்தது. கம்பைச் சுற்றி இறுகிப்போய், உருவ வரவில்லை. பின்னல் என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை, செருப்புக்குள் போடும் அட்டை மாதிரி கெட்டியாக இருந்தது. பொத்தான்கள் மட்டும் அதே அளவில், பெரிது பெரிதாக, வரிசையாக நின்றன. அப்பா அதைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அலசினார். இழுத்துப் பார்த்தார். மறுபடியும் அலசினார்.

பாய் திரும்பி வந்து பார்த்தார். அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார். "இன்னாபா இது? பட்டு பூச்சி நூலு. இது ஆட்டு முடி. ரெண்டையும் ஒண்ணா வேக வெக்கலாமா?"

"குத்துதுன்னு சொல்லிச்சு பாய், புள்ளை."

"குத்துனா உள்ளாற ஒரு சட்டை போட்டுட்டுப் போட்டா போவுது."

பாய் வெளியே யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நூல் வாங்க வந்த நெசவுக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் நின்று பார்த்துவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் தறிக்குத் தறி பேச்சு போய்விட்டது. "இன்னாபா, ஸ்வெட்டர் வெந்துச்சா, இன்னும் ஒரு கொதி வேணுமா?" என்று கேட்பார்கள். அப்பாவும் கூடவே சிரிப்பார். மாமா விடுமுறை முடிந்து போகும்போது, "பட்டுக்காரன் கையில கம்பளியக் குடுத்தது என் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்களுக்கு எதுவும் வாங்கி வரவில்லை. எனக்கும்தான்.

தங்கை அழவில்லை. அந்தச் சின்ன ஸ்வெட்டரின் கைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். அதற்கு மேல் போகவில்லை. அம்மாதான் அப்பாவைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "ஒரு நல்ல பொருளு இந்த வூட்ல நிக்குதா" என்று ஆரம்பித்தவள், பொங்கல்வரை நிறுத்தவில்லை.

புது வருடம் பிறந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, விடிகிற நேரத்தில் தங்கைக்கு இழுப்பு முற்றிவிட்டது. உதடு நீலமாகிவிட்டது. அப்பா சைக்கிள் எடுத்தார். அம்மா அவளை நல்ல போர்வையில் சுற்றி, கேரியரில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். பனியில் இரண்டு வீடு தாண்டியதுமே சைக்கிள் கண்ணுக்குத் தெரியவில்லை. சங்கிலிச் சத்தம் மட்டும் கொஞ்சதூரம் கேட்டது. பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள்.

அந்த மூன்று நாளும் அடுப்பங்கரை இடம் எனக்குக் கிடைத்தது. முதல் வெந்நீர் எனக்கு. சுக்குக் காப்பியின் மேல்பாதி எனக்கு. இரண்டு மூட்டாப்பையும் நானே போர்த்திக்கொண்டேன். முதல் நாள் நன்றாகத் தூங்கினேன், மறைக்க மாட்டேன். இரண்டாம் நாள் அப்பா பட்டறைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்துவிட்டு வந்து, சோற்றைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தார். "அந்த ஸ்வெட்டர் இருந்திருந்தா இவ்ளோ முத்தியிருக்காது இல்ல?" என்று என்னைக் கேட்டார். பதினொரு வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கேட்டார், வேறு யாரைக் கேட்பார். எனக்குத் தெரியலப்பா என்றேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் செத்துப்போனால் பாப்பா என்ற பெயர் திரும்ப எனக்கு வந்துவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் எழுந்து உட்கார்ந்து, ஆண்டவரே வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவள் பிழைத்து வந்தாள். டாக்டர், இது பனிக்கு வருவது, ஸ்வெட்டர் போட்டிருந்தாலும் வந்திருக்கும் என்று சொன்னாராம். அப்பா அதை நம்பவில்லை. நானும்தான்.

வருடங்கள் ஓடிவிட்டன. தங்கை வயசுக்கு வந்ததும் இழுப்பு பாதி குறைந்தது. ஆசிரியை ஆனாள், வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டாள். நாற்பது வயதிலும் அப்பா அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். கடைசி வருடத்தில் அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது நான்தான் பார்த்துக்கொண்டேன், நான்தான் கல்லாயிற்றே. ஒருநாள் அவர் வெடித்த விரல்களுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். திடீரென்று சொன்னார்.

"கழுத்து செவந்து போயிருக்குதுன்னு நீ சொன்னியே. நான் ஒரு வாட்டி தெறந்து பாத்திருக்கணும்மா. நூலா இருந்தா பாக்காம வேக வெச்சிருப்பனா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறவள்தான் நான். எல்லாரோடும் சேர்ந்து மொத்தமாகச் சொல்வது எளிது. அவர் கையைத் துடைத்துவிட்டு, கஞ்சி ஆறிவிட்டது என்று எழுந்து போனேன்.

நீங்கள் குரூப்பில் சிரித்த மறுநாள் காலையில் பஸ் ஏறி வாலாஜாபாத் போனேன். தங்கை வாசலில் வெயிலுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே அவள் மகள் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த பழுப்பு நிற ஸ்வெட்டர். பக்கத்தில் மூச்சுக்கு இழுக்கிற மருந்துக் குப்பி. என்னைப் பார்த்ததும், "இந்தப் பனியில எதுக்குக்கா வந்த?" என்றாள். டீ போட்டுக் கொண்டுவந்தாள். டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கழுத்து சிவந்திருக்கிறது என்று சொன்னது பொய் என்றேன். அப்பா சாகிறவரை அவரிடம் அதைச் சொல்லவில்லை என்றேன்.

"தெரியும்கா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"என் கழுத்து எனக்குத் தெரியாதா? அது குத்தவே இல்ல. பஞ்சாட்டம் இருந்துச்சு."

"அப்பா கேட்டப்ப குத்துதுன்னு சொன்னியேடி."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அப்பா வைப்பது போலவே வைத்தாள். "நீ கண்ணாடி முன்னாடி போட்டுக்கினு நின்னத, தூங்குற மாதிரி படுத்துக்கினு பாத்தேன். உனுக்கு அவ்ளோ நல்லா இருந்துச்சு. அம்மா அவுக்கச் சொன்னாங்க. எனுக்குக் குத்துதுன்னு சொன்னா உனுக்குக் குடுத்துடுவாங்கன்னு நெனச்சேன். அவரு வேக வெப்பாருன்னு யாருக்குத் தெரியும்?"

ஐம்பது வருடமாக நான் அவள்மேல் பட்ட பொறாமையெல்லாம் போர்வைக்கும் வெந்நீருக்கும் ஸ்வெட்டருக்கும் பட்டது. அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஏழு வயதில் இப்படி ஒரு மனசு. அதையும் அவளுக்கே கொடுத்திருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழுகை வந்தது அதனால்தான், வேறு எதனாலும் இல்லை.

பதினெட்டுப் பேரும் கேட்டுக்கொள்ளுங்கள். இனி அந்தப் பெயரைச் சொல்வதென்றால் என்னைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்பாவை விட்டுவிடுங்கள்.

நான் மூக்கை உறிஞ்சுவதைக் குளிர் என்று தங்கை நினைத்துக்கொண்டாள். எழுந்து தன் ஸ்வெட்டரைக் கழற்றி என்மேல் போட்டு, சின்னப் பிள்ளைக்குப் போடுவது போல மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். மலிவான கம்பளி. கழுத்தைச் சுற்றி நமநமவென்று அரித்தது.

"குத்துதாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லடி. பஞ்சாட்டம் இருக்குது" என்றேன்.